பாட்டு ஏறும் வழி

1980-களில் தமிழ்நாட்டின் கடைத்தெருக்களில் ‘ரெக்கார்டிங் சென்டர்’ என்று ஒரு கடை இருக்கும். பிடித்த பாட்டுகளை ஒரு தாளில் வரிசையாக எழுதி, 60 நிமிடமோ 90 நிமிடமோ ஓடும் காலி கேசட்டோடு கொடுத்துவிட்டு வந்தால், சில நாளில் பதிந்து வைத்திருப்பார்கள். இசைத்தட்டிலிருந்து நேராகப் பதிந்த கேசட் கேட்க நன்றாக இருக்கும். அதிலிருந்து நண்பர் ஒரு நகல் எடுத்தால் பாட்டுக்குப் பின்னால் ‘உஸ்’ என்ற இரைச்சல் சற்றுக் கூடும். நண்பரிடமிருந்து அவருடைய மைத்துனர் எடுத்தால் இன்னும் கூடும். நாலைந்து கை மாறிய பிறகு இரைச்சல் முன்னால் வந்துவிடும், பாட்டு பின்னால் போய்விடும்.

அதே தெருக்களில் பிற்பாடு செல்போன் கடைகள் வந்தன. பென் டிரைவையோ மெமரி கார்டையோ நீட்டினால் நூற்றுக்கணக்கில் பாட்டு ஏற்றிக் கொடுத்தார்கள். உரிமம் இல்லாமல் இப்படி ஏற்றி விற்பது 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி குற்றம். அது தனி விவகாரம். நாம் கவனிக்க வேண்டியது வேறு. அந்தக் கடையில் ஏற்றிய பாட்டை வீட்டுக் கணினிக்கு மாற்றி, அங்கிருந்து தம்பியின் லேப்டாப்புக்கு, அங்கிருந்து அவன் நண்பனின் காருக்கு என்று நூறு முறை நகல் எடுத்தாலும் நூறாவது நகல் முதல் நகலைப் போலவே இருக்கிறது. ஒரு ‘உஸ்’கூடச் சேரவில்லை.

‘டிஜிட்டல் அல்லவா, அப்படித்தான் இருக்கும்’ என்பது பதில் ஆகாது. பென் டிரைவுக்குள் இருப்பதும் கசியக்கூடிய, தேயக்கூடிய, தப்பாகப் படிக்கக்கூடிய பொருள்தான். கம்பியில் போகும் மின்சாரமும் குழம்பக்கூடியதுதான். பிழை நேராத நிலை என்று வழியில் ஒன்றுகூட இல்லை. கேசட்டில் இல்லாத ஒன்று இங்கே இருக்கிறது: அநேகமாக ஒவ்வொரு நிலையிலும் சரிபார்ப்பு. ஒரே ஒரு பாட்டைப் பின்தொடர்ந்து போனால் அது விளங்கும்.

48 லட்சம் பைட்

நம் பாட்டு 5 நிமிடம் ஓடுவது என்று வைத்துக்கொள்வோம். காற்றில் அது அழுத்தத்தின் ஏற்ற இறக்கம். 1982-இல் விற்பனைக்கு வந்த காம்பாக்ட் டிஸ்க் அந்த ஏற்ற இறக்கத்தை நொடிக்கு 44,100 முறை அளந்து எண்ணாகக் குறித்தது. மனிதக் காதுக்கு எட்டும் உச்ச அதிர்வெண் ஏறத்தாழ 20,000 ஹெர்ட்ஸ். ஓர் அலையைச் சிதையாமல் பிடிக்க வேண்டுமானால் அதன் அதிர்வெண்ணைவிட இரண்டு மடங்குக்கு அதிகமான முறை அளக்க வேண்டும் என்பது கணிதம். ஓர் அளவுக்கு 2 பைட், இடது வலது என்று இரண்டு தடம், மொத்தம் 300 நொடி. பெருக்கிப் பார்த்தால் 5 கோடியே 29 லட்சத்து 20 ஆயிரம் பைட் வருகிறது.

1990-களின் ஹார்ட் டிஸ்க்குகளுக்கு இது பெரிய சுமை. ஜெர்மனியில் எர்லாங்கன் நகரத்து ஃப்ரான்ஹோஃபர் ஆய்வு நிலையத்தில் கார்ல்ஹைன்ஸ் பிராண்டன்பர்க்கும் உடன் இருந்தவர்களும் உருவாக்கிய எம்பி3 முறை இதைச் சுருக்கியது. அது காதின் பலவீனத்தைப் பயன்படுத்திக்கொள்கிறது. தவிலில் ஒரு பலத்த அடி விழும் கணத்தில், அதற்கு அருகிலுள்ள அதிர்வெண்ணில் ஒலிக்கும் மெல்லிய சத்தம் நமக்குக் கேட்பதே இல்லை. அடிக்குச் சற்றுப் பின்னாலும்கூட அந்த மறைப்பு நீடிக்கிறது. கேட்காததை எதற்குச் சேமிக்க வேண்டும்? அதற்குக் குறைந்த இடம் கொடு, அல்லது விட்டுவிடு. நொடிக்கு 128 கிலோபிட் என்ற அளவில் சுருக்கினால் நம் பாட்டு 48 லட்சம் பைட்டுக்குள் அடங்கிவிடுகிறது. மூலத்தில் 11-இல் ஒரு பங்கு.

இழப்பு இந்த இடத்தில் நடந்துவிடுகிறது, ஒரே முறை. இதற்குப் பிறகு எத்தனை நகல் எடுத்தாலும் குறையாது. ஆனால் இதேபோல் இழப்போடு சுருக்கும் இன்னொரு வடிவத்துக்கு மாற்றினால் மறுபடி குறையும். 128 கிலோபிட் பாட்டை மென்பொருளில் போட்டு 320 ஆக்கித் தருகிறவர்கள் உண்டு. கோப்பு இரண்டரை மடங்கு பெருக்கும். விட்டுப்போன ஒலி திரும்பி வராது.

செருகும் கணம்

பென் டிரைவின் உலோக வாய்க்குள் உற்றுப் பாருங்கள். தங்க நிறத்தில் நான்கு பட்டைகள் தெரியும். ஓரத்தில் இருக்கும் இரண்டும் சற்று நீளமாகவும் நடுவில் இருக்கும் இரண்டும் சற்றுக் குட்டையாகவும் இருக்கும். ஓரத்து இரண்டும் மின்சாரத்துக்கு, நடு இரண்டும் தகவலுக்கு. செருகும்போது நீளமானவை முதலில் தொடுகின்றன. சில்லுக்கு மின்சாரம் வந்த பிறகே தகவல் கம்பிகள் சேர வேண்டும் என்பதற்காகத் திட்டமிட்டே வைத்த நீளம் அது.

யூஎஸ்பி முறையின் முதல் வரையறை 1996-இல் வெளியானது. அதை உருவாக்கிய இன்டெல் குழுவில் முக்கியமானவர், பரோடாவில் படித்த அஜய் பட். ஒரு பக்கமாக மட்டும் நுழையும்படி செருகியை வைத்தது செலவைக் குறைப்பதற்காக என்று அவர் பின்னால் விளக்கியிருக்கிறார்.

செருகியதும் கணினி முதலில் ‘நீ யார்?’ என்று விசாரிக்கிறது. வந்திருப்பது மவுஸா, பிரிண்டரா, சேமிப்புக் கருவியா என்று பென் டிரைவ் தன்னை அறிவித்துக்கொள்கிறது. 1 முதல் 127 வரையுள்ள ஓர் எண் அதற்கு முகவரியாகக் கிடைக்கிறது. இதெல்லாம் முடிந்த பிறகுதான் திரையில் அதன் படம் தோன்றும்.

நீங்கள் பாட்டை இழுத்துப் போடும்போது பென் டிரைவுக்குப் பாட்டு என்ற ஒன்று போவதில்லை. ‘இத்தனையாவது கட்டத்தில் இதை எழுது’ என்ற கட்டளையும் அதன் பின்னால் தகவலும் போகின்றன. யூஎஸ்பி 2.0 கம்பியில் அந்தத் தகவல் 512 பைட் கொண்ட பொட்டலங்களாகப் பிரிகிறது. நம் பாட்டுக்குக் கணக்காக 9,375 பொட்டலம். ஒவ்வொன்றின் வாலிலும், உள்ளிருக்கும் தகவலை வைத்துக் கணக்கிட்ட 16 பிட் சரிபார்ப்பு எண் ஒட்டப்படுகிறது. வகுத்தலில் மீதி காண்பதைப் போன்ற கணக்கு அது. பென் டிரைவ் அதே கணக்கைத் தானும் போட்டுப் பார்க்கிறது. விடை ஒத்துப்போனால் ‘வந்து சேர்ந்தது’ என்று பதில் தரும். ஒத்துப்போகாவிட்டால் வாயே திறக்காது. பதில் வராததைக் கண்டு கணினி அதே பொட்டலத்தை மறுபடி அனுப்பும். தொடர்ந்து மூன்று முறை தோற்றால்தான் கைவிடும். கம்பியில் நேரும் கோளாறு பாட்டில் ஏறாமல் போவது இப்படித்தான்.

எலெக்ட்ரானுக்குச் சிறை

வந்து சேர்ந்த எண்கள் எங்கே தங்குகின்றன? சிலிக்கான் சில்லில், நாலு பக்கமும் மின்காப்புப் பொருளால் மூடப்பட்ட நுண்ணிய சிறைகளில். பெல் ஆய்வகத்தில் டாவோன் காங், சைமன் சே இருவரும் 1967-இல் முன்வைத்த யோசனை இது. ஜப்பானில் தோஷிபா நிறுவனத்தின் ஃபுஜியோ மசுவோகா அதை வளர்த்து, 1984-இல் சான் ஃபிரான்சிஸ்கோ மாநாட்டில் ஃபிளாஷ் நினைவகமாக அறிமுகப்படுத்தினார். இன்றைய பென் டிரைவுகளில் இருக்கும் ‘நாண்ட்’ வகை 1987-இல் வந்தது. கண்டுபிடிப்புக்குரிய பங்கு கேட்டு அவர் பிற்பாடு தன் நிறுவனத்தின் மேலேயே வழக்குப் போட வேண்டியிருந்தது. 2006-இல் 8 கோடியே 70 லட்சம் யென்னுக்குச் சமரசம் ஆனது.

சிறைச் சுவரின் தடிமன் 10 நானோமீட்டருக்கும் குறைவு. சாதாரணமாக எலெக்ட்ரான் அதைக் கடக்க முடியாது. சுமார் 20 வோல்ட் அழுத்தம் கொடுத்தால் குவாண்டம் இயற்பியல் தரும் சலுகையில் சுவரை ஊடுருவி உள்ளே போய்விடும். யூஎஸ்பி தருவது 5 வோல்ட்தான். மீதியைச் சில்லே உள்ளுக்குள் ஏற்றிக்கொள்கிறது. அழுத்தத்தை எடுத்ததும் எலெக்ட்ரான்கள் உள்ளேயே மாட்டிக்கொள்கின்றன. பென் டிரைவைப் பிடுங்கிப் பையில் போட்டாலும் அங்கேதான் இருக்கும்.

எலெக்ட்ரான் உண்டா இல்லையா என்று மட்டும் பார்த்தால் ஓர் அறைக்கு 1 பிட். விலையைக் குறைப்பதற்காக, எவ்வளவு இருக்கிறது என்று 8 நிலைகளாகப் பிரித்து ஓர் அறைக்கு 3 பிட் வைக்கும் வழக்கம் வந்தது. 8 நிலைகளை ஒன்றோடொன்று குழம்பாமல் பிரித்துப் படிப்பது லேசான காரியம் இல்லை. படிக்கும்போது பிழை வருவது வாடிக்கை. அதனால்தான் தகவலை எழுதும்போதே கூடுதலாகச் சில திருத்தக் குறிகளையும் சேர்த்து எழுதுகிறது பென் டிரைவின் கட்டுப்பாட்டுச் சில்லு. படிக்கையில் சில பிட்டுகள் புரண்டிருந்தால், எவை புரண்டன என்று அந்தக் குறிகளை வைத்தே கண்டுபிடித்துத் திருத்திக் கொடுக்கிறது. நீங்கள் கேட்கும் பாட்டு திருத்தி வந்த பாட்டு.

எழுதுவதில் இன்னொரு சிக்கல். சில ஆயிரம் பைட் கொண்ட ‘பக்கம்’ பக்கமாக எழுதலாம். அழிப்பதோ பல பக்கங்கள் சேர்ந்த ‘தொகுதி’யாகத்தான் முடியும். ஓரிடத்தில் சின்ன மாற்றம் என்றாலும் பழையதை நகர்த்தி, தொகுதியை அழித்து, புதிதாக எழுத வேண்டி வரும். படிப்பதைவிட எழுதுவது மெதுவாக நடப்பதற்கு இதுவும் ஒரு காரணம். ஒரே 5 ஜிபி படத்தைவிட 5 ஜிபி அளவுக்குப் பாட்டுகள் ஏற அதிக நேரம் பிடிப்பதற்கும் இதில் பங்கு உண்டு: ஒவ்வொரு பாட்டுக்கும் பெயர்ப் பட்டியலில் தனித்தனியாகத் திருத்தம் எழுத வேண்டும். எழுதும் வேகம் நொடிக்கு 8 எம்பி என்று கொண்டால், பட்டியல் வேலை போக, நம் பாட்டைப் போன்ற 1,000 பாட்டு ஏற 10 நிமிடம். 2000-ஆம் ஆண்டில் விற்பனைக்கு வந்த முதல் தலைமுறை டிரைவ்களில் 8 எம்பிதான் இடம். இந்தப் பாட்டில் ஒன்று முழுசாகவும் இன்னொன்று பாதிக்குச் சற்று மேலும் கொள்ளும். அதுவே 1.44 எம்பி ஃபிளாப்பிகளில் என்றால் ஒரு பாட்டுக்கு நான்கு தேவைப்பட்டிருக்கும்.

மொய் நோட்டு வரிசை

காரில் பென் டிரைவைச் செருகியவர்களுக்கு ஒரு குழப்பம் வந்திருக்கும். கணினித் திரையில் பாட்டுகள் அகர வரிசையில் அழகாக நின்றன. கார் ஸ்டீரியோ அதைக் கண்டுகொள்ளாமல் தன் போக்கில் பாடுகிறது. ஏன்?

பென் டிரைவில் எந்தப் பாட்டு எங்கே இருக்கிறது என்பதற்கு ஒரு பதிவேடு உண்டு. பரவலாக இருப்பது ‘ஃபேட்32’ என்ற முறை. கல்யாண வீட்டு மொய் நோட்டைப் போன்றது அது. வந்தவர் வந்த வரிசையில் பெயர் ஏறும். அகர வரிசை கிடையாது. கணினி அதை எடுத்து வரிசைப்படுத்தி நமக்குக் காட்டுகிறது. மலிவான ஸ்டீரியோக்கள் அந்த வேலையைச் செய்யாமல் நோட்டில் இருப்பதை அப்படியே மேலிருந்து கீழாகப் படிக்கின்றன. நடுவில் ஒரு பாட்டை அழித்துவிட்டுப் புதிதாக ஒன்றை ஏற்றினால், அழிந்த பெயரின் இடத்தில் புதுப் பெயர் உட்கார்ந்துகொள்ளக்கூடும். நேற்று ஏற்றிய பாட்டு ஐந்தாவதாக ஒலிக்கும். வரிசை முக்கியம் என்றால் பெயருக்கு முன் 01, 02 என்று எண் போட்டு, காலியான பென் டிரைவில் அந்த வரிசைப்படியே ஏற்ற வேண்டும்.

பதிவேட்டில் பெயர், அளவு, தொடங்கும் கட்டம் ஆகியவை இருக்கும். 16 கேபி கட்டங்களாகப் பிரித்த டிரைவில் நம் பாட்டுக்கு 293 கட்டம் வேண்டும். அவை அடுத்தடுத்து இருக்க வேண்டியதில்லை; ஒரு கட்டத்துக்கு அடுத்தது எது என்று தனி அட்டவணை சொல்லும். பாட்டை ‘டெலிட்’ செய்தால் பெயரின் முதல் எழுத்து மட்டும் ஓர் அழிவுக் குறியாக மாறும், அட்டவணையில் அந்தக் கட்டங்கள் காலி என்று குறிக்கப்படும். பாட்டின் எண்கள் அங்கேயே கிடக்கும். தவறி அழித்தவர்கள் உடனே செய்ய வேண்டியது, அந்த டிரைவில் மேற்கொண்டு எதையும் எழுதாமல் இருப்பது. மீட்பு மென்பொருள்களுக்கு அப்போதுதான் வேலை இருக்கும்.

ஆப்பிள் கணினியிலிருந்து ஏற்றினால் சில சமயம் ஒவ்வொரு பாட்டுக்கும் இரண்டு பெயர் தெரியும். ஒன்றின் முன்னால் புள்ளியும் அடிக்கோடும் ஒட்டியிருக்கும். சில கேபி அளவே இருக்கும். அது பாட்டு இல்லை, ஆப்பிள் தனக்காக எழுதிவைத்த குறிப்பு. ஸ்டீரியோ அதையும் பாட முயன்று திணறும். தாராளமாக அழிக்கலாம். 32 ஜிபிக்கு மேற்பட்ட டிரைவ்கள் பெரும்பாலும் ‘எக்ஸ்ஃபேட்’ முறையில் வருகின்றன. பழைய ஸ்டீரியோக்களுக்கு அது புரியாது. டிரைவ் கெட்டுவிட்டது என்று தூக்கிப் போடுவதற்கு முன் அதை ஃபேட்32 ஆக்கிப் பாருங்கள்.

பிடுங்குவதற்கு முன்

பச்சைக் கோடு முழுதாக ஓடி முடிந்துவிட்டது. டிரைவின் விளக்கு இன்னும் மினுக்கிக்கொண்டிருக்கிறது. மினுக்கினால் வேலை முடியவில்லை என்று பொருள். வேகத்துக்காகக் கணினி தகவலைத் தன் நினைவகத்தில் வாங்கி வைத்துக்கொண்டு ‘முடிந்தது’ என்று நம்மிடம் சொல்லிவிட்டு, பிறகு மெதுவாக எழுதும் வழக்கம் உண்டு. 2018-இல் வந்த விண்டோஸ் 10-இன் 1809 பதிப்பிலிருந்து பென் டிரைவுக்கு இந்தத் தாமத முறை இயல்பாக இருப்பதில்லை. லினக்ஸிலும் ஆப்பிள் கணினிகளிலும் முறைப்படி வெளியேற்றிவிட்டு எடுப்பதே நல்லது.

பாதியில் பிடுங்கினால் ஒரு பாட்டு போவது சின்ன நஷ்டம். எம்பி3 ஏறத்தாழ 26 மில்லி நொடித் துண்டுகளாகக் கட்டப்பட்டது, ஒவ்வொரு துண்டுக்கும் தனித் தொடக்கக் குறி உண்டு. எனவே எழுதப்பட்ட வரை பாடிவிட்டு நின்றுவிடும். பதிவேடு திருத்தப்படும் நேரத்தில் பிடுங்கினால்தான் பெரிய நஷ்டம். அப்போது முன்பே பத்திரமாக இருந்த பாட்டுகளும் முகவரி இல்லாமல் போகக்கூடும்.

யாரும் செய்யாத சோதனை

கம்பியில் ஒரு சோதனை, சில்லில் ஒரு திருத்தம் என்று இவ்வளவு இருந்தும் ஓர் ஓட்டை இருக்கிறது. எழுதி முடித்ததைத் திரும்பப் படித்து, மூலத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கும் வேலையைக் கணினி சாதாரணமாகச் செய்வதில்லை. போலி பென் டிரைவ் விற்பவர்கள் பிழைப்பது இந்த ஓட்டையில்தான். சில நூறு ரூபாய்க்கு ‘2 டிபி’ என்று விற்கும் டிரைவுக்குள் 8 ஜிபியோ 16 ஜிபியோதான் இருக்கும். கட்டுப்பாட்டுச் சில்லு மட்டும் 2 டிபி என்று பொய் சொல்லும்படி மாற்றப்பட்டிருக்கும். உண்மையான இடம் தீர்ந்த பிறகும் எழுதுவதாகத் தலையாட்டிக்கொண்டே பழையதன் மேல் எழுதும், அல்லது வந்ததை அப்படியே விட்டுவிடும். கோப்புப் பெயர்கள் எல்லாம் வரிசையாகத் தெரியும். பாட்டைத் திறக்கும் நாளில்தான் குட்டு உடைபடும். வாங்கியவுடன் டிரைவ் முழுவதும் எழுதிப் படித்துச் சோதிக்க, ‘எஃப்3’ போன்ற இலவச மென்பொருள்கள் இருக்கின்றன.

கடைக் கணினிகளில் செருகிய டிரைவில் வைரஸ் ஒட்டிக்கொண்டு வருவதும் பழைய கதை. 2008-இல் பரவிய கான்ஃபிக்கர், பென் டிரைவைச் செருகியதும் தானாக இயங்கும் ‘ஆட்டோரன்’ வசதியையும் தொற்றுவழியாகப் பயன்படுத்தியது. விண்டோஸ் 7-இலும், 2011-இல் பழைய பதிப்புகளுக்கு வந்த திருத்தத்திலும் மைக்ரோசாஃப்ட் பென் டிரைவுக்கு அந்த வசதியை நிறுத்தியது. இன்றைக்கு ஆபத்து நம் விரலில் இருக்கிறது. பாட்டு என்றால் பெயரின் முடிவில் எம்பி3 என்று இருக்க வேண்டும். ஃபோல்டர் படத்தைப் போட்டுக்கொண்டு, முடிவில் ‘இஎக்ஸ்இ’ என்று இருந்தால் அது பாட்டும் இல்லை, ஃபோல்டரும் இல்லை. பெயரின் முடிவைக் காட்டும்படி கணினியின் அமைப்பை மாற்றி வைத்துக்கொண்டால் வித்தியாசம் தெரியும்.

நகல் சரியாக ஏறியதா என்று நீங்களே பார்க்கவும் வழி உண்டு. ‘எஸ்ஹெச்ஏ-256’ என்ற கணக்கு, எந்தக் கோப்பையும் 64 எழுத்துகள் கொண்ட ஓர் அடையாளமாகச் சுருக்கும். 48 லட்சம் பைட்டில் ஒரே ஒரு பிட் மாறினாலும் அந்த அடையாளம் தலைகீழாக மாறிவிடும். விண்டோஸ், லினக்ஸ், ஆப்பிள் மூன்றிலும் இதற்கான கருவி கூடவே வருகிறது. டிரைவை ஒருமுறை கழற்றி மறுபடி செருகிவிட்டுச் சோதியுங்கள். இல்லாவிட்டால் கணினி தன் நினைவில் வைத்திருப்பதையே படித்துச் சரி என்று சொல்லிவிடக்கூடும்.

எத்தனை காலம்?

சிறைச் சுவர் ஒவ்வொரு எழுத்துக்கும் அழிப்புக்கும் சற்றுச் சேதமாகிறது. ஓர் அறைக்கு 1 பிட் வைக்கும் சில்லுகள் ஏறத்தாழ ஒரு லட்சம் முறை தாங்கும். 3 பிட் வைப்பவை சில ஆயிரத்தைத் தாண்டுவதே அரிது. பாட்டு ஏற்றிக் கேட்பவருக்கு இது கவலை தரும் எண் இல்லை. கவலை வேறிடத்தில் இருக்கிறது. எழுதிவிட்டு அலமாரியில் சும்மா வைத்தாலும் எலெக்ட்ரான்கள் மெல்லக் கசியும். வெப்பம் கூடினால் கசிவு வேகமாகும். தேய்ந்த அறைகளில் இன்னும் வேகம். வெயிலில் நிற்கும் காரின் டேஷ்போர்டு இதற்கு மிக மோசமான இடம். கசிவு ஓர் எல்லையைத் தாண்டிவிட்டால் திருத்தக் குறிகளாலும் காப்பாற்ற முடியாது. அப்போது கேசட்டைப் போல மெதுவாக இரைச்சல் ஏறி எச்சரிக்காது. நேற்று வரை பழுதில்லாமல் பாடியது, இன்றைக்குத் திறக்கவே திறக்காது.

எனவே பென் டிரைவ் பாட்டைக் கொண்டுபோவதற்கான கருவி, வைத்துக் காப்பதற்கானது இல்லை. வேறெங்கும் கிடைக்காத பதிவுகள் உங்களிடம் இருந்தால், தாத்தா பாடியதோ ஊர்க் கோயில் கச்சேரியோ, குறைந்தது இரண்டு இடங்களில் நகல் வையுங்கள். அதில் ஒன்று வேறொரு வீட்டில் இருக்கட்டும். ஆண்டுக்கு ஒருமுறை திறந்து பாருங்கள். மற்ற சோதனைகளைச் சில்லு செய்துகொள்ளும். இதை மட்டும் நீங்கள்தான் செய்ய வேண்டும்.